மீசை முளைத்த சீமாட்டி

ஷட்டரை யாரோ இரண்டு கைகளாலும் அறைந்த அறையில், சேனாதிபதியின் கையிலிருந்த ஸ்பூன் துள்ளி, ஒரு வாய்ப் பஞ்சாமிர்தம் சட்டைப் பைக்குள் போய் விழுந்தது.

கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் ஸ்வெட்டர் கடைக்கும் சாக்லேட் கடைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்த அந்த அறையின் ஷட்டரை, காலை எட்டு மணிக்கு முன்னால் தட்ட ஆள் கிடையாது. எட்டு மணிக்குப் பின்னாலும் பெரும்பாலும் கிடையாது. 'சேனாதிபதி துப்பறியும் நிலையம்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் தூண் பாறைக்கு வழி கேட்பார்கள். மீதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள்.

"கேஸ்!" என்று எழுந்தார் சேனாதிபதி.

"பக்கத்துக் கடைக்கு சாக்லேட் லோடு வந்திருக்கும் சார். கதவு மாறித் தட்டுறாங்க," என்றாள் பெர்லின். ஓட்டல் வரவேற்பறையில் பத்து வருஷம் பொய்ச் சிரிப்புச் சிரித்து அலுத்துப்போய் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். இங்கே வந்த பிறகு நிஜமாகவே சிரிக்க முடிகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவந்தாள். எதைப் பார்த்து என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஷட்டர் உயர்ந்தது. பனியோடு சேர்ந்து உள்ளே நுழைந்தவள் ஷர்மிளா. ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் ஹாலில் முகச் சித்திர வகுப்பு நடத்துகிறவள். சேனாதிபதிக்கு எட்டு வாரமாக டீச்சர்.

"சார், படம் திருட்டுப் போச்சு!"

சேனாதிபதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஹாலில் திருடத் தகுந்த படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பிரெஞ்சு சீமாட்டி. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ரோகோகோ பாணி. வெள்ளைப் பவுடர் அப்பிய கோபுரக் கொண்டை, ரோஜா நிறக் கன்னம், நீலப் பட்டுக் கவுன், கழுத்தைச் சுற்றி லேஸ், இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மூலப் படம் பிரான்சில் எங்கோ இருக்கிறது. இது எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப்போன நகல். அந்த நகலைப் பார்த்து நகல் எடுப்பதுதான் ஷர்மிளாவின் பாடம். நல்ல முகம் ஒன்றை அங்குலம் அங்குலமாகப் பார்த்து வரைந்தால், முகம் என்பதே பிடிபட்டுவிடும் என்பாள். பன்னிரண்டு பேர் எட்டு வாரமாகச் சீமாட்டியைப் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். இன்று மாலை கண்காட்சி.

"சீமாட்டியா போயிட்டாங்க?"

"சீமாட்டி செவுத்துலதான் இருக்காங்க. நம்ம நகல்ல ஒண்ணக் காணோம்."

"யாரோடது?"

ஷர்மிளா தரையைப் பார்த்தாள். "உங்களோடதுங்க சார்."

பெர்லின் நாற்காலியை மெல்லத் திருப்பினாள்.

"சார், இது திருட்டு இல்ல. யாரோ புண்ணியவான் சேவை செஞ்சிருக்காரு."

சேனாதிபதி காதில் வாங்கவில்லை. திருடப்படுவதற்கு ஒரு தரம் வேண்டும். பன்னிரண்டில் ஒன்றை ஒருவன் தேர்ந்தெடுத்திருக்கிறான், அது அவருடையது. நெஞ்சுக்குள் எங்கோ மேளம் கொட்டியது. அதை அடக்கிக்கொண்டு, "எடும்மா நோட்டை," என்றார்.

"அந்தப் பழனி கேஸ் என்ன ஆவுறது? லீலாம்மா சாயங்காலம் நாலு மணிக்கு வராங்க," என்றாள் பெர்லின்.

மேளம் நின்றுபோனது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் லீலா வந்து உட்கார்ந்தாள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மடியில் பச்சைக் கம்பளி நூலை வைத்துப் பின்னிக்கொண்டே, புருஷன் வேலப்பன் காணாமல் போன கதையைச் சொன்னாள். போட்டோ கேட்டதற்கு, பையிலிருந்து ஒரு பஞ்சாமிர்த டின்னை எடுத்து மேஜையில் வைத்தாள். 'மீசைக்காரர் பஞ்சாமிர்தம்.' லேபிளில் ஒரு முகம். முகத்தில் பாதி மீசை.

"இருவத்தாறு வருசமா பழம் பெசையறது நானு. டின்னுல இருக்கறது அவரு மூஞ்சி," என்றாள் லீலா. "அதச் சொல்லித்தான் சண்ட. என் மொகத்த என்னிக்காவது பாத்திருக்கீங்களா, பாத்திருந்தா கண்ண மூடிக்கிட்டு என் மச்சம் எந்தக் கன்னத்துலன்னு சொல்லுங்கன்னேன். தப்பாச் சொன்னாரு. நான் சிரிச்சுட்டேன். மறுநா வெள்ளனே ஆளக் காணோம்."

கொடைக்கானல் பஸ்ஸில் ஏறியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதக் கெடு. அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால், அவளுடைய அண்ணன்மார் மதுரையிலிருந்து பெரிய ஏஜென்சியை இறக்கிவிடுவார்கள். அப்புறம் சேனாதிபதி தன் பலகையைக் கழற்றிவிட்டுத் தூண் பாறைக்கு வழி சொல்லும் வேலையை மட்டும் பார்க்க வேண்டியதுதான்.

அவர் சும்மா இருக்கவில்லை. மன்னவனூர் முதல் பண்ணைக்காடு வரை முப்பத்தொரு மீசைகளைப் பின்தொடர்ந்தார். ஒன்றும் வேலப்பனுடையது அல்ல. முதல் நாளே ஒரு மீசை அவரை அடித்தே விட்டது. அடித்தவன் எப்படி இருந்தான் என்று பெர்லின் கேட்டபோது, "நீலச் சட்டை" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"ஒங்களுக்கு மனுசங்க மூஞ்சியே தெரியாது சார். துணிக்கடை கணக்குப்பிள்ள மாதிரி சட்டையத்தான் பாக்கறீங்க," என்றாள் அவள்.

அந்த ரோஷத்தில்தான் முகச் சித்திர வகுப்பில் சேர்ந்தார்.

*

ஹாலில் பதினோரு சீமாட்டிகள் வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டாவது ஸ்டாண்டு காலி. சாவி எப்போதும் பூந்தொட்டிக்கு அடியில்தான் இருக்கும். அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கதவு நிலையில், இடுப்பு உயரத்தில், ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல்.

"என் சீமாட்டியோட கன்னம்," என்றார் சேனாதிபதி, தழுதழுத்து.

"பெயின்ட் காயவே இல்லீங்க," என்றாள் ஷர்மிளா. "இந்தப் பனியில எண்ணெய்ச் சாயம் காய மூணு வாரம் ஆகும். ஈரப் படத்தச் சுருட்ட முடியாது, துணி போத்த முடியாது. மொகத்த வெளிய காட்டித்தான் தூக்கிட்டுப் போவணும்."

"அந்த மொகத்த வெளிய காட்டிக்கிட்டா?" பெர்லின் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "திருடன் சாதாரண ஆளு இல்ல சார்."

சேனாதிபதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினோரு படங்களையும் பார்வையிட்டார். துப்புத் தேடுகிறார் என்று ஷர்மிளா நினைக்கட்டும். உண்மையில், தன்னுடையது இவற்றைவிட எவ்வளவு மோசம் என்று அளந்துகொண்டிருந்தார். எல்லாவற்றிலும் சிறந்தது பக்கத்து ஸ்டூல் ஞானவேலுடையது. பேசவே பேசாத மனுஷன். குரங்குக் குல்லா, பச்சை மஃப்ளர், மழமழவென்று மழித்த முகம். லேஸின் ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணி வரைந்திருந்தார்.

ஆனால் கன்னத்துப் பொட்டைக் காணோம்.

"இவரு பொட்டு வெக்க மறந்துட்டாரே," என்றார் சேனாதிபதி, ஒரு அற்ப சந்தோஷத்தோடு.

"எட்டு வாரமாச் சொல்றேன் சார். 'அத மட்டும் கடைசியா வெக்கிறேன் டீச்சர்'ங்கறாரு. பிரஷ்ஷ கன்னத்துக்கிட்ட கொண்டுபோவாரு, கை நடுங்கும், எடுத்துருவாரு."

"மறதிக்கு ஒரு சாக்கு," என்று முடித்துவிட்டு, "என் படத்தோட போட்டோ இருக்கா?" என்று கேட்டார்.

ஷர்மிளா ஏனோ ஒரு தரம் இருமிவிட்டுப் போனை நீட்டினாள். நேற்றுச் சாயங்காலம் எடுத்த போட்டோ. நீலக் கவுன் சுமாராக வந்திருந்தது. கொண்டை, இட்லிப் பானை போலிருந்தது. அதற்குக் கீழே, அகன்ற தாடையும் தடித்த புருவமுமாக, சீமாட்டி யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள்.

பெர்லின் சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றாள். போனை வாங்கி முகத்தைப் பெரிதாக்கினாள். விரல் நுனியால், சீமாட்டியின் மூக்குக்குக் கீழே இந்தக் காதுவரை ஒரு கோடு, அந்தக் காதுவரை ஒரு கோடு இழுத்தாள். இரண்டையும் கறுப்பாக நிரப்பினாள்.

"சார், டின் எங்க?"

டின் அவர் கோட்டுப் பையில் இருந்தது. துப்பு என்று ஒரு காரணம்; பசி என்று இன்னொன்று. பெர்லின் அதைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

அதே தாடை. அதே புருவம். அதே மீசை. பஞ்சாமிர்தக்காரர் நீலப் பட்டுக் கவுன் போட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க சீமாட்டிய வரையல சார்," என்றாள் பெர்லின் மெதுவாக. "நம்ம பார்ட்டிய வரைஞ்சு கொண்ட போட்டு விட்டிருக்கீங்க."

சேனாதிபதி தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்து பார்த்தார். சுவரில் சீமாட்டி. சீமாட்டிக்கும் அவருக்கும் நடுவே, நேர்கோட்டில், பக்கத்து ஸ்டூல்; ஞானவேல் தன் ஸ்டாண்டுக்காக இவர் பக்கம் திரும்பி உட்காரும் இடம். ஒவ்வொரு முறை கண்ணை உயர்த்தும்போதும், சீமாட்டியிடம் போகிற வழியில் அந்த முகம்தான் நின்றிருக்கிறது. தெரிந்ததை வரையாதீர்கள், கண் பார்ப்பதை வரையுங்கள் என்று டீச்சர் சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். கண்ணும் கையும் ஞானவேலைப் பார்த்து வரைந்திருக்கின்றன. மூளைக்கு மட்டும் தகவல் வரவில்லை.

எட்டு வாரம். பக்கத்து ஸ்டூல். அந்த மனுஷனுக்கு டின்னிலிருந்து பஞ்சாமிர்தம் கூட நீட்டியிருக்கிறார். 'வேண்டாங்க, சலிச்சுப் போச்சு' என்று பதில் வந்தபோது, பழனியில் பிறந்தவர் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

"அந்தப் பொட்டு!" என்று துள்ளி எழுந்தார். இந்த ஒன்றையாவது பெர்லின் முந்திக்கொள்வதற்குள் சொல்லிவிட வேண்டும். "பொண்டாட்டி மச்சம் எந்தப் பக்கம்னு தப்பாச் சொல்லி மானம் போன ஆளுக்கு, ஒரு கன்னத்துல பொட்டு வெக்கக் கை வருமா?"

"பிரமாதம் சார். ரெண்டு மாசம் முன்னாடி தோணியிருந்தா இன்னும் பிரமாதம்." பெர்லின் நோட்டை மூடினாள். "சரி, இன்னிக்குப் பாத்து ஏன் தூக்கினாரு? நேத்து கிளாஸ்ல வாய விட்டீங்களா?"

விட்டிருந்தார். நாளைக்கு நாலு மணிக்குப் பழனியிலிருந்து லீலாம்மா என்று ஒரு கட்சிக்காரர் வருகிறார், அவரை நேரே இங்கேயே வரச்சொல்லி என் படத்தைக் காட்டப் போகிறேன் என்று மார்தட்டியிருந்தார். அந்த நேரத்தில் பக்கத்து ஸ்டூலில் ஒரு டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. குளிரில் கை விறைத்திருக்கும் என்று நினைத்து, ஒரு துணி எடுத்துக் கொடுத்தார்.

வகுப்பு ரிஜிஸ்டரில் ஞானவேலின் முகவரி ஒரே சொல்லாக இருந்தது: வில்பட்டி.

*

வில்பட்டி மினி பஸ்ஸின் கண்டக்டர், பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"மறக்க முடியுமாங்க? வெள்ளனே மொத ட்ரிப்புல கைய வீசிக்கிட்டு வந்தாரு. திரும்பறப்ப படத்தோட ஏறுனாரு. பஸ்ஸே சிரிச்சுக் கெடக்கு. நாச்சிமுத்து அய்யா வெள்ள வேட்டில அந்தம்மா கன்னம் ஒட்டிக்கிச்சு, வீட்டுல என்ன சொல்றதுன்னு தவிச்சுப் போயிட்டாரு."

"படம் எப்படி இருந்துச்சு?" என்றார் சேனாதிபதி, தாங்கமாட்டாமல்.

"காவல் தெய்வத்துக்குப் பட்டுப் பாவாட கட்டின மாதிரி இருந்துச்சுங்க. யாரு வரைஞ்சதுன்னு கேட்டேன். 'சொல்லக்கூடாது, பாவம், நல்ல மனுசன்'னாரு."

பெர்லின் மஃப்ளரை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எங்க எறங்குனாரு?"

"கேரட் கழுவுற தொட்டிக்கிட்டங்க. வெரசா ஏறுங்க, வண்டி எடுக்கப்போறேன்."

தொட்டிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதன் பின்புறம் ஒற்றை அறை. கதவில் ரோஜா நிறத் தீற்றல். சேனாதிபதி, துப்பறிவாளர்கள் செய்வதுபோல் கதவைத் தோளால் இடித்தார். அது சாத்தியே இருக்கவில்லை. உள்ளே போய் ஒரு கேரட் மூட்டையின் மேல் விழுந்தார்.

அவர் வரைந்த படம் மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. திருடியவருக்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை.

அறையின் நடுவே இன்னொரு படம். நாற்பத்தைந்து வயதுப் பெண். தூக்கிச் செருகிய கொண்டை, நெற்றியில் வேர்வை, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் உதடு. ஒரு பக்கக் கன்னத்தில் அடுப்பு வெளிச்சம். மூட்டை மேல் கிடந்தபடியே சேனாதிபதிக்குத் தெரிந்துவிட்டது. புடவை நிறத்தை வைத்தல்ல. முகத்தை வைத்து.

"லீலாம்மா," என்றார்.

படத்துக்கு முன்னால் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். பச்சை மஃப்ளருக்கு மேலே, மீசை இல்லாத வேலப்பன்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா சார்," என்றார், ஒரு வருத்தத்தோடு. "அந்தப் படத்தத் தூக்குனதுக்கு மன்னிக்கணும். என் மூஞ்சிய நான் கண்ணாடில பாக்கறதவிட தெளிவா வரைஞ்சுட்டீங்க. அவ பாத்தா ஒரு நொடியில பிடிச்சிருவா."

"பிடிச்சா என்ன? வீட்டுக்குத்தானே போகப் போறீங்க?"

"வெறுங்கையோட எப்படிப் போறது? கூட வாழ்ந்தவ மொகம் தெரியாத ஆளுன்னு சிரிச்சாளே! அவ மொகத்த மனசுலேருந்து எடுத்து வரைஞ்சு, டின்னுல ஒட்டிட்டுத்தான் அவ முன்னாடி நிக்கணும்னு கெளம்பி வந்தேன். எல்லாம் வந்துருச்சு சார். அந்த மச்சம் ஒண்ணுதான்..." பிரஷ் நுனியில் கறுப்புச் சாயம் நடுங்கியது. "இன்னொரு தரம் தப்பா வெச்சேன்னா, அப்புறம் அந்த வீட்டுல எனக்கு என்ன சோலி?"

அப்போது வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது.

வாசலில் லீலா. தோளில் ஒரு பை, மேலே போர்த்திய சால்வை. சேனாதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது.

வேலப்பன் எழுந்தார். ஸ்டூல் உருண்டது. குல்லாவைக் கழற்றுவதா, முகத்தை மூடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதியில் விட்டார்.

லீலா புருஷனைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சால்வையை இழுத்து, இரண்டு கன்னங்களையும் கண்ணுக்குக் கீழே வரை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. வைங்க, பாப்போம்."

"லீலா..."

"வைங்கங்கறேன்."

வேலப்பன் கண்ணை மூடினார். வெளியே தொட்டியில் கேரட்டைத் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ அடுப்புக்கு ஒருச்சாய்ச்சு உக்காந்து பாகு கிண்டுவ," என்றார், கண்ணைத் திறக்காமல். "கரண்டிய மாத்தறப்ப ஒரு தரம் திரும்புவ. வெளிச்சம் இங்க படும். பட்டா, அது சின்னதா மின்னும். நான் கல்லாவுல உக்காந்து பாத்திருக்கேன். பாத்திருக்கேன், லீலா. அன்னிக்குக் கேட்டப்பதான் வாய் குழறிருச்சு."

கண்ணைத் திறந்தார். வெளிச்சம் விழுந்த கன்னத்தில், மூக்கை ஒட்டி, ஒரு புள்ளி வைத்தார். கை நடுங்கவில்லை.

லீலா சால்வையை இறக்கினாள். அதே கன்னம். அதே இடம்.

"மீச இல்லாம ஒங்களப் பாக்கச் சகிக்கல," என்றாள். "வளத்துக்குங்க."

சேனாதிபதி கேரட் மூட்டையிலிருந்து எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட தருணங்களுக்காகத்தான் ஒரு துப்பறிவாளன் வாழ்கிறான். தொண்டையைச் செருமினார்.

"ஆக அம்மா, எங்க நிலையம் சொன்ன கெடுவுக்குள்ள, சொல்லப்போனா நாலரை மணி நேரம் முன்னாடியே..."

"சார், கொஞ்சம் இருங்க," என்றாள் பெர்லின். அவள் பார்வை லீலாவின் பையில் இருந்தது. பைக்கு வெளியே ஒரு பச்சைக் கம்பளி உருண்டை எட்டிப் பார்த்தது. அதிலிருந்து பார்வை வேலப்பனின் கழுத்துக்குப் போனது. அதே பச்சை. அதே பின்னல். "அந்த மஃப்ளர் எங்க வாங்குனதுங்க?"

"ஷர்மிளா டீச்சர் குடுத்தாங்க. யாரோ விட்டுட்டுப் போனதுன்னு..." வேலப்பன் மஃப்ளரைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

சேனாதிபதி லீலாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த எடத்த நாங்களே இப்பத்தான் கண்டுபிடிச்சோம். நீங்க எப்படி நேரா இங்க வந்தீங்க?"

"கண்டுபிடிக்க என்னங்க இருக்கு? பேப்பர்ல டீச்சரோட வெளம்பரத்தக் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு, ஓட்ட விழுந்த பேப்பர மேச மேலயே வெச்சுட்டுப் போன மனுசன் இவரு. பக்கத்து வீட்டுல அதே பேப்பர வாங்கிப் பாத்தேன். அன்னிக்கே டீச்சருக்குப் போன் போட்டுட்டேன். ரூம் போட்டுக் குடுத்ததே அவங்கதான். இன்னிக்குக் காலைல படம் போனதும் எனக்குப் போன் போட்டதும் அவங்கதான்."

"மொத நாள்லேருந்தே தெரியுமா? அப்ப எங்கள எதுக்கும்மா தேடச் சொன்னீங்க?"

லீலா கொஞ்சம் தயங்கினாள். பாவம், நல்ல மனுசன் என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"என் அண்ணன்மாரு ஆள் வெச்சுத் தேடியே தீருவோம்னு நின்னாங்க, இவருக்கோ என் மொகத்தப் படிச்சு முடிக்க ரெண்டு மாசமாவது வேணும். அதான், யாரத் தேடச் சொன்னா ஆள் கெடைக்கவே மாட்டாருன்னு இந்த ஊருல நாலு எடத்துல விசாரிச்சேன். நாலு பேரும் யோசிக்காம ஒங்க பேரத்தாங்க சொன்னாங்க."